தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 – ஜூலை 6, 1827) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியும் நிர்வாகியும் ஆவார். 1820 முதல் 1827 இல் இறக்கும் வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். ரயத்துவாரி நிலவரி முறையை உருவாக்கியவர்களுள் ஒருவராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் இவர் தமது வாழ்வின் முதல் பன்னிரண்டு ஆண்டுப் பணியை மைசூருக்கு எதிரான நீண்ட போர்களில் கழித்தவர். நீண்ட போரில் பயிரிடுவோர், உணவும் தீவனமும் திரட்டுவோர், வேவு பார்ப்போர் ஆகிய மூவகையினரின் பணி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை இவர் அருகிலிருந்து கண்டார். பிற்காலத்தில் மேற்கொண்ட நிர்வாகப் பணிகளில் அந்த அனுபவத்தின் தாக்கம் தெளிவாகக் காணப்படுகிறது.

1792 முதல் 1799 வரை இவர் தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு பாராமகாலில் பணியாற்றினார். இன்றைய தருமபுரி மாவட்டத்தின் மொரப்பூர், அரூர், பென்னாகரம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த நாடு அப்போது பாராமகால், சேலம் நிர்வாகத்தின் கீழ் இருந்தது.

இளமை

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ வட அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் வாணிகம் செய்தவர். தாமஸ் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். கணிதத்திலும் வேதியியலிலும் ஆர்வம் மிக்கவராக இருந்தார். அமெரிக்க விடுதலைப் போரினால் தந்தையின் வாணிகம் நொடித்துப்போகவே, வணிக நிறுவனத்துக் கணக்குப் பணியைக் கைவிட்டுக் கம்பெனியின் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். 1780 ஜனவரியில் சென்னை வந்தடைந்தார். அப்போது இவருக்கு வயது 18.

இரண்டாம் மைசூர்ப் போர் (1780–1784)

மன்றோ வந்த ஆறு மாதங்களில், 1780 ஜூலையில், ஹைதர் அலி கர்நாடகப் பகுதியின் மீது படையெடுத்தார். கம்பெனியின் சென்னைப் படைக்கு சர் ஹெக்டர் மன்றோ தலைமை தாங்கினார். அப்படையில் தாமஸ் மன்றோவும் இருந்தார். காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த இப்படையுடன் சேர வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் பிரிவு, 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் முற்றிலுமாக அழிக்கப்பட்டது. பெய்லி சில கல் தொலைவிலேயே இருந்தபோதும் தலைமைப் படை அவருக்கு உதவ உரிய நேரத்தில் நகரவில்லை. எதிரி எங்கிருக்கிறான் என்ற நம்பகமான செய்தி இல்லாததும், காஞ்சிபுரத்தில் சேர்த்துவைத்த நெல்லை விட்டு நகர அஞ்சியதும் இதற்கான காரணங்களுள் அடங்கும். தோல்விக்குப் பின் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் படை செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கியது.

அடுத்த ஆண்டு சர் அயர் கூட் தலைமையில் நடந்த பரங்கிப்பேட்டை (ஜூலை 1, 1781), பொள்ளிலூர் (ஆகஸ்ட் 27, 1781), சோளிங்கர் (செப்டம்பர் 27, 1781) ஆகிய போர்களில் கம்பெனிப் படை களத்தில் பின்வாங்கவில்லை. ஆனால் அவ்வெற்றிகளைத் தொடர்ந்து முன்னேற அதனால் இயலவில்லை. அரிசியைச் சுமக்க மாடுகள் போதவில்லை. ஹைதரின் இலகு குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை எரித்து, கால்நடைகளை ஓட்டிச் சென்றுவிட்டது. எனவே கூட்டின் படை கடற்கரையை ஒட்டியே நகர்ந்து, கப்பலில் வரும் அரிசியை நம்பி வாழ்ந்தது. 1781 தொடக்கத்தில் பிரெஞ்சுக் கப்பற்படை கடலூர் அருகே தோன்றியபோது இந்த வழியும் அடைபடும் நிலை ஏற்பட்டது. அக்கப்பல்கள் தாமாகவே விலகிச் சென்றதனால் படை தப்பியது. முற்றுகையிலிருந்த வேலூர்க் கோட்டைக்கு 1782 ஜனவரியில் தானியம் கொண்டு சேர்ப்பதற்காக மட்டுமே முழுப் படையும் அணிவகுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இப்போரின் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் குடிமக்களே. வயல்கள் பாழானதால் சென்னைக்குள் அகதிகள் குவிந்தனர். 1781–82 இல் பஞ்சம் ஏற்பட்டது. அக்காலத்தில் கஞ்சி ஊற்றுவதற்காக ஏற்படுத்தப்பட்ட ஏற்பாட்டிலிருந்தே சென்னையின் மணியக்காரர் சத்திரம் தோன்றியது. 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கையுடன் போர் முடிந்தது. நான்கு ஆண்டுப் போரில் எந்தத் தரப்பும் நிலம் பெறவில்லை.

படைகளில் பணிப் பங்கீடு

அக்காலத் தென்னிந்தியப் படையில் போரிடுவோரை விடப் பின்தொடர்வோரின் எண்ணிக்கையே பன்மடங்கு அதிகம். கம்பெனியின் சிப்பாய் பொதுவாக உழுவதுமில்லை, தானியம் திரட்டச் செல்வதுமில்லை. அவ்வேலைகளுக்குத் தனித்தனிக் கூட்டத்தார் இருந்தனர்.

குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் ஒரு புல்லறுப்பவரும் இருந்தனர். கோடையில் புல் கருகிவிட்டால் புல்லறுப்போர் நிலத்தைச் செதுக்கி அருகம்புல்லின் வேர்களை எடுத்து, அலசிக் குதிரைகளுக்கு இடுவர். முகாமைச் சுற்றியுள்ள புல் தீர்ந்தவுடன் அவர்கள் தொலைவில் செல்ல வேண்டியிருந்தது. எதிரியின் இலகு குதிரைப்படை முதலில் தாக்குவது இவர்களைத்தான். எனவே இவர்களுக்குக் காவலாகப் படைவீரர்களை முறைவைத்து அனுப்புவது அன்றாடக் கடமையாயிற்று. குதிரைகளின் மற்றொரு உணவு வேகவைத்த கொள்ளு. இது பாராமகால் போன்ற மானாவாரி நிலங்களில் விளைவது. சிப்பாய்களின் உணவான அரிசியோ ஆற்றுப்பாசன நாடுகளிலிருந்து வரவேண்டும். ஆகவே ஒரே படைக்கு இருவேறு நாட்டு விளைச்சல் தேவைப்பட்டது.

தானியம் கொணர்வது பெரும்பாலும் பிரிஞ்சாரிகள் அல்லது வணசாராக்கள் எனப்பட்ட நாடோடி வணிகரின் தொழிலாகும். தமிழ்நாட்டில் இவர்கள் லம்பாடிகள் என அறியப்படுகின்றனர். தாண்டா எனப்படும் கூட்டங்களாக, மனைவி மக்களுடன், நாயக் எனப்படும் தலைவரின் கீழ் ஆயிரக்கணக்கான பொதிமாடுகளை ஓட்டிச் செல்வர். இவர்கள் எந்த அரசின் ஊழியரும் அல்லர். விலை கொடுப்பவருக்குத் தானியம் விற்பர். இதனால் போரிடும் இரு தரப்பாரும் இவர்களைத் துன்புறுத்தாமல் தம் பக்கம் ஈர்க்க முயன்றனர்.

தேவையின் அளவை ஒரு எளிய கணக்கால் அறியலாம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 கிலோ அரிசி என்றும், ஒரு மாடு 100 கிலோ சுமக்கும் என்றும் கொண்டால், 20,000 பேருக்கு நாளொன்றுக்கு 200 மாட்டுச் சுமை தேவை. 30 நாட்களுக்கு 6,000 மாடுகள் வேண்டும். அந்த மாடுகளுக்கும் வழியில் தீவனம் வேண்டும். படையின் வேகம் மாட்டின் வேகமாகவே இருந்ததற்குக் காரணம் இதுவே.

செய்தி திரட்டுவதற்கு ஹர்காராக்கள் எனப்பட்ட ஓட்டர்களும் ஒற்றர்களும் இருந்தனர். வணிகர், பக்கிரி, யாத்திரிகர் போன்ற வேடங்களில் இவர்கள் எதிரி நாட்டிற்குள் சென்று வந்தனர்.

மைசூர்ப் படையின் ஏற்பாடு இதனின்றும் வேறுபட்டது. முறைப்படுத்தப்பட்ட காலாட்படைக்கு அப்பால், கொள்ளைப் பொருளையே ஊதியமாகக் கொண்ட இலகு குதிரைப்படையினர் தீவனம் திரட்டுதல், வேவு பார்த்தல், எதிரியின் உணவை அழித்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்தனர். ஊர்களிலும் மலைக்கோட்டைகளிலும் கந்தாசாரம் எனப்பட்ட உள்நாட்டுச் சேவகர் படை இருந்தது. இவர்கள் குறைந்த வரியில் நிலம் பெற்றுப் பயிரிட்டு வாழ்ந்தனர். தேவைப்படும்போது கோட்டைக் காவலும் வழிக்காவலும் செய்தனர். பாளையக்காரர்களின் சேவகர்களும் இதே போன்று மானிய நிலத்தை உழுது வாழ்ந்தவர்கள். உழவனே காவலனாகவும் இருந்ததால் அவனுக்கு ஊர்ப் பாதைகளும் நீர்நிலைகளும் தெரிந்திருந்தன. ஆனால் நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அவனை நெடுந்தொலைவுக்கு அழைத்துச் செல்வது கடினமாக இருந்தது.

ஒற்றுத் துறையில் (1788–1792)

1788 இல் மன்றோ, கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் ஒற்றுத் துறையில் உதவியாளராக நியமிக்கப்பட்டார். முதலில் குண்டூரைப் பொறுப்பேற்கச் சென்ற படையுடன் அனுப்பப்பட்டார். பின்னர், எல்லைப்புறமான ஆம்பூரிலிருந்து செயல்பட்ட ரீடுடன் பணியாற்றினார். மன்றோ பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றிருந்தார். நாட்டு மொழி அறிந்த ஆங்கில அதிகாரிகள் அன்று மிகச் சிலரே.

ரீடின் அலுவலகம் திப்பு சுல்தானின் படை நடமாட்டத்தை மட்டும் கண்காணிக்கவில்லை. எந்தக் கணவாயில் மாடுகள் ஏற முடியும், எந்த ஊரில் கிணறு உண்டு, எங்கே தானியம் மிகுந்துள்ளது, எந்தத் தலைவர் வரிச்சுமையால் மனக்குறை கொண்டுள்ளார் என்பன போன்ற செய்திகளையும் அது திரட்டியது. ரீட் பிரிஞ்சாரிகளுடன் நேரடித் தொடர்பும் வைத்திருந்தார். இதனால் வேவு பார்த்தலும் உணவு திரட்டலும் ஒரே அலுவலகத்தின் இரு கைகளாயின.

மூன்றாம் மைசூர்ப் போரில் (1790–1792) இதன் பயன் வெளிப்பட்டது. தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் 1791 மார்ச்சில் பெங்களூரைக் கைப்பற்றினார். மே மாதம் சீரங்கப்பட்டினத்தை நெருங்கி, மே 15 அன்று அரக்கெரேயில் வெற்றியும் பெற்றார். ஆனால் அதற்குள் மாடுகள் பட்டினியாலும் நோயாலும் மடிந்துவிட்டன. சுற்றுப்புறத்தைத் திப்பு முன்னரே வெறுமையாக்கிவிட்டார். காரன்வாலிஸ் தமது முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். வழியில் மராட்டியப் படையைச் சந்தித்த பின்னரே அப்படைக்கு உணவு கிடைத்தது. மராட்டியர் முகாமின் கடைத்தெருவில் தானியம் தாராளமாக இருந்தது. விலையும் மிக அதிகமாக இருந்தது. இரு நண்பர் படைகளுக்கும் இடையே செய்தி கொண்டுவந்த ஹர்காராக்களைத் திப்புவின் குதிரைப்படை இடைமறித்துவிட்டதனால், மராட்டியர் அவ்வளவு அருகில் இருப்பது காரன்வாலிசுக்கு முன்கூட்டித் தெரியவில்லை.

அடுத்த ஒன்பது மாதங்கள் உணவு வழியைப் பாதுகாப்பதில் செலவிடப்பட்டன. 1791 ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் கைப்பற்றப்பட்டன. இதனால் பாராமகாலிலிருந்து மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் கணவாய் கம்பெனியின் வசமாயிற்று. இவ்வழியை அறுக்கத் திப்பு பாராமகாலுக்குள் படைப்பிரிவுகளை அனுப்பினார். கர்னல் மாக்ஸ்வெல் அக்டோபர் இறுதியில் பென்னாகரத்தைத் தாக்கிப் பிடித்தார். நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோல்வியுற்றார். இதற்கிடையே பிரிஞ்சாரிகளின் பொதிமாடுகள் பெருந்திரளாகப் படைக்கு வந்து சேர்ந்தன. 1792 பிப்ரவரியில் சீரங்கப்பட்டினத்தின் முன் நின்ற படை முந்தைய ஆண்டைப் போலப் பட்டினி கிடக்கவில்லை. மார்ச்சில் உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தமது நாட்டில் பாதியை இழந்தார். பாராமகால், சேலம், திண்டுக்கல், மலபார் ஆகிய பகுதிகள் கம்பெனிக்குக் கிடைத்தன.

பாராமகாலில் (1792–1799)

காரன்வாலிஸ் புதிய நாட்டின் நிர்வாகத்தைச் சென்னையின் குடிமைப் பணியாளரிடம் ஒப்படைக்காமல், மொழியும் நாடும் அறிந்த படை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். ரீட் தலைவரானார். மன்றோ, கிரஹாம், மாக்லியோட் ஆகிய மூவரும் அவரது உதவியாளராயினர். நாடு மூன்று பிரிவுகளாக்கப்பட்டது. நடுப்பிரிவு மன்றோவிடம் வந்தது.

இங்கே ஒற்றுத் துறையின் பழக்கங்கள் வரி நிர்வாகத்திற்குள் நுழைந்தன. முன்பு படைக்காகத் திரட்டப்பட்ட செய்திகளையே இப்போது அரசுக்காகத் திரட்ட வேண்டியிருந்தது. எந்த வயலில் என்ன விளைகிறது, யார் உழுகிறார், எத்தனை ஏர், எத்தனை மாடு, எந்த ஏரி உடைந்து கிடக்கிறது என ஊர் ஊராகப் பதிவு செய்யப்பட்டது. கணக்குப்பிள்ளைகள் கொடுக்கும் ஏட்டுக் கணக்கை மட்டும் நம்பாமல் நிலம் நேரடியாக அளக்கப்பட்டது. மன்றோ ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்தில் கழித்து, உழவர்களை நேரில் கண்டு வரி நிர்ணயம் செய்தார். இக்காலத்து எழுத்துகள் பிற்காலத்தில் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரில் சென்னை அரசால் பல தொகுதிகளாக அச்சிடப்பட்டன.

மொரப்பூரைச் சுற்றிய நிலம் பெரும்பாலும் மானாவாரி. கேழ்வரகு, சாமை, கம்பு, கொள்ளு ஆகியன மழையை நம்பி விளைந்தன. கிணற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் சிறு அளவில் இருந்தன. மழை பொய்த்தால் உழவன் நிலத்தை விட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ரீட் முதலில் ஐந்தாண்டுக் குத்தகை முறையைக் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க உழவர்கள் தயங்கினர். எனவே 1796 இல், ஒவ்வோர் ஆண்டும் தமக்கு வேண்டாத வயலை விட்டுவிடவும் வேண்டியதை எடுத்துக்கொள்ளவும் உழவர்களுக்கு உரிமை அளிக்கப்பட்டது. வயல்தோறும் தீர்வை, உழவருடன் நேரடி ஒப்பந்தம், ஆண்டுதோறும் மாறும் பரப்பு ஆகிய கூறுகளைக் கொண்ட இந்த ஏற்பாடே ரயத்துவாரி முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மன்றோ தொடக்கத்தில் இதன் சில பகுதிகளை ஐயத்துடன் நோக்கினாலும் பின்னர் இதன் உறுதியான ஆதரவாளரானார்.

போர்க்காலத்தில் உழவனிடம் மூன்று தரப்பினர் வந்தனர். தானியம் கேட்டுப் படையும், மாடு கேட்டுப் பொதிகாரரும், செய்தி கேட்டு ஒற்றரும் வந்தனர். எதையும் மறுக்க அவனால் இயலாது. தானியத்தைக் குழியில் புதைத்துவைப்பதும் காட்டுக்குள் மாட்டை ஓட்டிவிடுவதுமே அவனுடைய தற்காப்பாக இருந்தன. அமைதிக் காலத்தில் அவன் புதைத்ததை வெளியே எடுக்க வேண்டுமானால், தன்னிடம் எவ்வளவு கேட்கப்படும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பட்டாவில் எழுதப்பட்ட நிலையான தீர்வை இந்த நோக்கத்திற்குப் பயன்பட்டது. அதே வேளையில், அளந்து எழுதப்பட்ட நாட்டில் ஒளித்துவைக்க எதுவும் எஞ்சவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தீர்வை பல இடங்களில் உயர்வாகவே இருந்தது.

மன்றோ தருமபுரியில் ஒரு வீடு கட்டி, தோட்டம் அமைத்து வாழ்ந்தார். அங்கிருந்து பிரிந்து சென்றதற்காக அவர் வருந்தியது அவரது குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தெரியவருகிறது.

நான்காம் மைசூர்ப் போர் (1799)

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டார். ரீடின் பிரிவுக்குப் பாராமகாலிலும், கர்னல் பிரவுனின் பிரிவுக்குக் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் தானியமும் மாடும் திரட்டி முற்றுகைப் படைக்குக் கொண்டுசேர்க்கும் பணி தரப்பட்டது. மன்றோ ரீடின் பிரிவில் இருந்தார். ஏழு ஆண்டுகள் அளந்து எழுதிய நாடு இப்போது மீண்டும் படையின் களஞ்சியமாயிற்று.

ஏப்ரல் நடுவில் சீரங்கப்பட்டினத்தின் முன் இருந்த ஹாரிஸ், தமது கையிருப்பு அரிசி எதிர்பார்த்ததை விட மிகக் குறைவாக இருப்பதைக் கண்டறிந்தார். காவேரிபுரம் கணவாய் வழியாக வரும் ரீட், பிரவுன் ஆகியோரின் பொதி வரிசைக்குக் காவலாக ஜெனரல் ஃப்ளாய்டின் குதிரைப்படை அனுப்பப்பட்டது. ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் முற்றுகை விரைவுபடுத்தப்பட்டது. மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் இறந்தார். பெரும் பொதி வரிசை அதன் பின்னரே முகாமை அடைந்தது. போர் முடிந்தபின் மைசூரை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட ஆணையத்திற்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளர்களாக இருந்தனர்.

கன்னடமும் ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களும் (1799–1807)

மன்றோ 1799 இல் மேற்குக் கடற்கரையிலுள்ள கன்னட மாவட்டத்தின் ஆட்சியரானார். 1800 இல் ஐதராபாத் நிசாம் கம்பெனிக்கு அளித்த பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர்ப் பகுதிகளின் முதன்மை ஆட்சியராக மாற்றப்பட்டார். அங்கே சுமார் 80 பாளையக்காரர்கள் இருந்தனர். அவர்களின் சேவகர்கள் அமைதிக் காலத்தில் உழவராகவும், வரி கேட்கப்படும்போது போர்வீரராகவும் இருந்தவர்கள். ஜெனரல் கேம்பெலின் படை உதவியுடன் பாளையக்காரர் பலர் அகற்றப்பட்டனர். அவர்களின் ஆயுதமேந்திய ஆட்களைக் கலைத்து மீண்டும் நிலத்தில் அமர்த்துவது பெரும் பணியாயிற்று.

இங்கு நடந்த நில அளவையில் 33 அடிச் சங்கிலி பயன்படுத்தப்பட்டது. ஒரு சங்கிலிச் சதுரம் 1 குண்டை. 40 குண்டைகள் 1 ஏக்கர். 1807 இல் தாயகம் திரும்பும் முன், தாம் விதித்த தீர்வையே உழவரால் தாங்க இயலாத அளவு உயர்ந்தது என ஒப்புக்கொண்டு, 25 விழுக்காடு குறைக்கப் பரிந்துரைத்தார். மேலிடம் அப்போது அதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் மன்றோ ஆளுநரானபோதே அக்குறைப்பு நடைமுறைக்கு வந்தது.

இக்காலத்தில் ஆர்தர் வெல்லெஸ்லியுடன் (பின்னாளில் வெலிங்டன் கோமகன்) மன்றோவுக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. 1803 இல் அசாயிப் போருக்குப் பின், தமது படையைப் பிரித்து அனுப்பியது ஏன் என்பதை வெல்லெஸ்லி மன்றோவுக்கு விரிவாக எழுதி விளக்கினார்.

தென் மராட்டியப் போர் (1817–1818)

மன்றோ 1814 இல் ஜேன் கேம்பெலை மணந்து, அதே ஆண்டு நீதித்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராகச் சென்னை திரும்பினார். 1817 இல் பேஷ்வாவிடமிருந்து பெற்ற தார்வார்ப் பகுதியைப் பொறுப்பேற்கச் சென்றார். நவம்பரில் பேஷ்வா போர் தொடங்கியபோது இவரிடம் சிறு அளவிலான முறைப்படையே இருந்தது. உதவிப்படை உடனே வரும் வாய்ப்பில்லை.

மன்றோ உள்ளூர்ச் சேவகர்களைத் திரட்டினார். எதிரியின் வசமிருந்த வட்டங்களுக்கே தமது அமில்தார்களை நியமித்து, சேவகர்களுடன் அனுப்பினார். அவர்கள் ஊர்களைக் காத்து, வரி வசூலித்து, எதிரியின் நடமாட்டத்தையும் தெரிவித்தனர். வசூலான வரியிலிருந்தே சேவகர்களின் ஊதியம் தரப்பட்டது. உழவர்கள் இவரது பக்கம் சாய்ந்ததால் எதிரிப் படைக்கு வரியும் தானியமும் கிடைக்கவில்லை. இவ்வாறு காவல், உணவு, வேவு ஆகிய மூன்றும் நாட்டு மக்களிடமே விடப்பட்டதால், சிறிய முறைப்படை முழுவதையும் கோட்டை முற்றுகைக்கு ஒதுக்க முடிந்தது. 1818 பிப்ரவரியில் பாதாமியும், ஏப்ரலில் பெல்காமும், மே மாதம் சோலாப்பூரும் வீழ்ந்தன.

முன்பு மைசூரின் கந்தாசாரப் படையிலும் பாளையங்களிலும் இருந்த உழவர்-காவலர் ஏற்பாட்டையே மன்றோ இப்போது தாம் பயன்படுத்திக்கொண்டார் எனலாம். இளமையில் தாம் யாருக்கு எதிராகப் போரிட்டாரோ அவர்களின் முறையே முதுமையில் அவருக்கு வெற்றி தேடித் தந்தது.

ஆளுநர் (1820–1827)

1820 ஜூனில் மன்றோ சென்னை ஆளுநரானார். ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் விரிவாக்கப்பட்டது. 1822 இல் மாகாணத்தின் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். உயர் பதவிகளில் இந்தியரை அமர்த்த வேண்டும் என வற்புறுத்தினார்.

முதலாம் பர்மியப் போரில் (1824–1826) பழைய பாடம் மீண்டும் தோன்றியது. 1824 மே மாதம் ரங்கூனைக் கைப்பற்றிய படை, மக்கள் அனைவரும் உணவையும் மாடுகளையும் படகுகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறிய வெறும் நகரையே கண்டது. மழைக்காலத்தில் நோயினாலும் கெட்டுப்போன உணவினாலும் பெருந்தொகையினர் இறந்தனர். படைகளையும் மாடுகளையும் உணவுப் பொருட்களையும் சென்னையிலிருந்து கடல்வழியே அனுப்பும் பொறுப்பு மன்றோவிடம் இருந்தது. இப்பணிக்காக 1825 இல் அவருக்குப் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது.

மதிப்பீடு

மன்றோவைப் பற்றிய கருத்துகள் இருவகையாக உள்ளன. உழவரை இடைத்தரகரிடமிருந்து மீட்டவர் என ஒரு சாரார் போற்றுவர். வரியைப் பணமாகவும் கண்டிப்பாகவும் வசூலித்த முறை உழவரைக் கடனில் ஆழ்த்தியது எனவும், அதன் உயர்ந்த தீர்வைகள் படைச் செலவை ஈடுசெய்யவே எழுந்தன எனவும் மற்றொரு சாரார் கூறுவர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அவரது முறை ஒற்றுத் துறையில் பிறந்தது. நாட்டை நன்கு அறிவது அதன் வலிமை. அறிந்ததையெல்லாம் எடுத்துக்கொள்ள முடியும் என்பது அதன் ஆபத்து. தீர்வையைக் குறைக்க அவர் தாமே பரிந்துரைத்ததை நோக்கினால் அந்த ஆபத்தை அவர் உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு.

மறைவும் நினைவும்

பதவியை விட்டுத் தாயகம் திரும்பும் முன், தாம் முன்பு பணியாற்றிய ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களைக் காணச் சென்ற மன்றோ, 1827 ஜூலை 6 அன்று கர்நூல் அருகிலுள்ள பத்திகொண்டாவில் வாந்திபேதி நோயால் இறந்தார். உடல் கூத்தியில் அடக்கம் செய்யப்பட்டது. 1831 இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்திற்கு மாற்றப்பட்டது.

ராயலசீமைப் பகுதியில் குழந்தைகளுக்கு மன்றோலப்பா எனப் பெயரிடும் வழக்கம் இருந்தது. மந்திராலயத்தில் ராகவேந்திரர் இவருக்குக் காட்சியளித்தார் என்னும் செவிவழிக் கதையும் உண்டு. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி வடித்த இவரது குதிரை வீரர் சிலை 1839 இல் சென்னையில் நிறுவப்பட்டது. அண்ணா சாலை தொடங்கும் பகுதியில் தீவுத்திடல் அருகே உள்ள இச்சிலையின் குதிரையில் சேணமும் அங்கவடியும் இல்லை.

பாராமகாலின் பெரும்பகுதி பின்னர் சேலம் மாவட்டத்தில் அடங்கியது. 1860களின் தொடக்கத்தில் மொரப்பூர் வழியாகச் சேலத்துக்கு இருப்புப்பாதை வந்தது. நெடுந்தொலைவுத் தானியப் போக்குவரத்தில் பொதிமாடுகளுக்கு இருந்த இடம் அதன்பின் படிப்படியாகக் குறைந்தது. சேலத்திலிருந்து 1965 இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004 இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன. பொதிமாடுகளுடன் படைகளுக்குத் தானியம் கொணர்ந்த லம்பாடி மக்களின் வழியினர் இப்பகுதியில் இன்றும் வாழ்கின்றனர்.